குளிரில் பிக்கரல் பிடிப்பது, ஆற்றிலும் பனி மேலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிசம்பர் பிறந்தால் போதும், எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். "அண்ணா, இந்த வருஷம் பனி மேல மீன் பிடிக்கப் போகணும், என்ன ராடு வாங்கலாம்?" ராடு, அதாவது தூண்டில் கோல், கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. முதலில் கேட்க வேண்டியதை யாரும் கேட்பதில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போனதால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். கனடாவில் டொரொன்டோவிலிருந்து கிழக்கே 2 மணி நேரம் ஓட்டினால் வருகிற குவின்டே விரிகுடாதான் எனக்குப் பழகிய இடம். மானிடோபாவில் தம்பி வீட்டுக்குப் போனால் ரெட் ஆறு. பேச்சு பெரும்பாலும் இந்த இரண்டையும் சுற்றித்தான் இருக்கும். பனி என்று நான் சொல்வது ஏரியும் ஆறும் உறைந்து கட்டியான தண்ணீரை; அதில் துளை போட்டுத்தான் தூண்டிலை இறக்குவோம். வானத்திலிருந்து கொட்டுகிற தூளை வெண்பனி என்பேன்.

சிலர் வால்ஐ என்கிறார்கள், சிலர் பிக்கரல் என்கிறார்கள். இரண்டும் ஒன்றா?

ஒரே மீன்தான். அமெரிக்காவில் வால்ஐ. ஒன்டாரியோவிலும் மானிடோபாவிலும் பிக்கரல். கியூபெக்கில் டோரே. இந்த ஏரிகளின் பூர்வகுடிகளான ஒஜிப்வே மக்கள் ஓகா என்பார்கள். தமிழில் 'வாலை' என்று எழுதினால் யாரோ மீனின் வாலைப் பிடித்து இழுக்கிற மாதிரி இருக்கிறது, அதனால் நான் பிக்கரல் என்றே எழுதுகிறேன். ஒரு எச்சரிக்கை: அமெரிக்காவில் பிக்கரல் என்றால் பைக் குடும்பத்து மீன் ஒன்று, அது வேறு. நம்முடையது பெர்ச் குடும்பம்.

இதன் தம்பி மாதிரி சாகர் என்று ஒன்று இருக்கிறது. ரெட் ஆற்றில் இரண்டும் கலந்தே வரும். வாலின் கீழ்நுனி வெள்ளையாக இருந்தால் பிக்கரல். முதுகுத் துடுப்பில் வரிசை வரிசையாகக் கறுப்புப் புள்ளி இருந்தால் சாகர்.

இவ்வளவு குளிரில் மீன் இரை எடுக்குமா?

எடுக்கும், கொஞ்சமாக எடுக்கும். மீனின் உடம்புச் சூடு என்பது தண்ணீரின் சூடுதான். கோடையில் சீக்கிரம் செரித்துவிடுகிற இரை, தண்ணீர் 2 டிகிரிக்கு வந்துவிட்டால் வயிற்றிலேயே கிடக்கும். அதனால் துரத்திப் பிடிக்கிற வேலையை மீன் குறைத்துக்கொள்கிறது. ஆனால் முழுப் பட்டினி கிடக்க முடியாது. வசந்தத்தில் இடப்போகிற முட்டைக்கான சினை, பெண் மீனின் வயிற்றில் குளிர்காலம் பூராவும் வளர்ந்துகொண்டிருக்கிறது. அதற்குத் தீனி வேண்டும்.

ஆக, மீன் சாப்பிடுகிறதா என்று கேட்பதைவிட எப்போது சாப்பிடுகிறது, எவ்வளவு மெதுவாகக் கொடுத்தால் வாங்கும் என்று கேளுங்கள். வெறுங்கையோடு திரும்புகிறவர்களில் பாதிப் பேர் நல்ல இடத்தில்தான் உட்கார்ந்திருப்பார்கள். நேரம் தவறியிருக்கும், அல்லது கை வேகமாக ஆடியிருக்கும்.

சரி, எப்போது போவது?

பொழுது சாயும் நேரத்துக்கு. பிக்கரலின் கண்ணுக்குள், விழித்திரைக்குப் பின்னால், வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிற ஓர் அடுக்கு இருக்கிறது. இரவில் டார்ச் அடித்தால் பூனைக் கண் மின்னுமே, அதே ஏற்பாடுதான். மங்கல் வெளிச்சத்தில் அதற்குத் தெரிகிற அளவு அதன் இரையான ஷைனர் என்னும் சின்ன மீனுக்கும் குட்டி பெர்ச்சுக்கும் தெரியாது. அந்த நேரம் பார்த்து வேட்டையாடினால் குறைந்த உழைப்பில் வயிறு நிறையும். குளிரில் அதுதானே வேண்டும்?

குவின்டேயில் ஜனவரியில் சூரியன் 5 மணியை ஒட்டி மறைகிறது. 4 மணியிலிருந்து 6 மணிவரை உட்காரத் தயாரில்லை என்றால் பிக்கரலுக்காகப் போக வேண்டாம், பகலில் கடிக்கிற பெர்ச்சுக்குப் போங்கள். காலையிலும் விடிவதற்கு முன்பும் பின்பும் ஒரு மணி நேரம் உண்டு. மேகமூட்டமான நாளில், அல்லது பனி மேல் ஓரடி வெண்பனி மூடியிருந்தால், கீழே இருட்டாகத்தான் இருக்கும். அப்போது நடுப்பகலிலும் கடிக்கலாம். கலங்கிய தண்ணீரிலும் அப்படித்தான். ரெட் ஆறும் அது கலக்கிற வின்னிபெக் ஏரியின் தென்பகுதியும் எப்போதும் கலங்கல், அங்கே மத்தியானம் 1 மணிக்கும் பிடித்திருக்கிறேன். குவின்டே அப்படியில்லை. 1990களில் வரிக்குதிரைச் சிப்பி வந்து தண்ணீரை வடிகட்டித் தெளிய வைத்துவிட்டது. அதற்குப் பிறகு அங்கே வெளிச்சம் குறைந்தால்தான் கடி.

மாதக் கணக்கும் உண்டு. பனி பிடித்த முதல் 2, 3 வாரம் நல்ல காலம். ஜனவரிக் கடைசியிலிருந்து பிப்ரவரி நடுவரை மந்தம். பனி இளகப்போகிற சமயம் மீன் ஆற்று வாய்களை நோக்கி நகரும்போது மறுபடி சூடு பிடிக்கும். ஆனால் அப்போது பல இடங்களில் சீசன் மூடியிருக்கும், பனியும் நம்பும்படி இருக்காது.

பனி எத்தனை அங்குலம் இருந்தால் காலை வைக்கலாம்?

முதலில் கேட்க வேண்டிய கேள்வி என்று சொன்னேனே, இதுதான்.

அமெரிக்காவின் மினசோட்டா மாநில இயற்கை வளத் துறை சொல்லும் கணக்கு: நடந்து போக 4 அங்குலம், பனியில் ஓடும் ஸ்னோமொபைல் வண்டிக்கு 5 முதல் 7, சின்னக் காருக்கு 9 முதல் 10. கனடாவில் நடக்கவே 15 சென்டிமீட்டர், அதாவது 6 அங்குலம் வேண்டும் என்று சொல்கிற பாதுகாப்பு அமைப்புகள் உண்டு. நான் 6 அங்குலக் கட்சி. கார் ஓட்டுவது பற்றி என்னைக் கேட்காதீர்கள், ஓட்ட மாட்டேன்.

இந்தக் கணக்கெல்லாம் புதிதாக உறைந்த, நீலம் கலந்த தெளிவான பனிக்குத்தான். வெண்பனி நனைந்து உறைந்து பால் மாதிரி வெள்ளையாக இருக்கிற பனிக்குப் பாதி பலம்தான், அதனால் கனத்தை இரட்டிப்பாக எதிர்பாருங்கள். மார்ச் மாதத்தில் சாம்பல் நிறமாக, மெழுகுவர்த்திகளைக் கட்டாகக் கட்டி நிறுத்திய மாதிரி செங்குத்தாகப் பிளக்கிற பனிக்கு எந்தக் கணக்கும் கிடையாது. ஒரு அடி இருந்தாலும் இறங்காதீர்கள்.

அளப்பதற்கு ஒரு கடப்பாரை போதும். இங்கே அதற்கென்றே நுனி தட்டையாக விற்கிறார்கள். ஓர் அடி வைப்பதற்கு முன் முன்னால் ஓங்கிக் குத்த வேண்டும். நல்ல பனி 'டங்' என்று திருப்பி அடிக்கும், கை அதிரும். மெல்லிய பனி 'தொப்' என்று வாங்கிக்கொள்ளும். ஒரே குத்தில் தண்ணீர் எட்டிப் பார்த்தால், வந்த காலடியிலேயே திரும்பி நடங்கள். கரையோரம் ஒரு துளை போட்டு அளந்துவிட்டு 'தாங்கும்' என்று முடிவு கட்டக் கூடாது. 50 அடிக்கு ஒரு தரம் பாருங்கள். "நேத்து அங்க பத்துப் பேர் இருந்தாங்க" என்பது அளவே இல்லை.

இன்னொன்று. வெண்பனி ஒரு போர்வை. அதிகம் கொட்டினால் குளிர் கீழே இறங்காது, பனி கனக்காது. மைனஸ் 20 அடிக்கிறதே, நன்றாக உறைந்திருக்கும் என்று நினைக்கிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

விழுந்துவிட்டால்?

மானிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்டன் கீஸ்பிரெக்ட், தானே பலமுறை உறைநீரில் இறங்கி ஆராய்ந்தவர். அவர் பரப்பிய கணக்கு 1-10-1. முதல் 1 நிமிடம் மூச்சு தாறுமாறாக வாங்கும், அதை அடக்குவது மட்டும்தான் வேலை. அடுத்த 10 நிமிடம்வரைதான் கை கால் சொன்னபடி கேட்கும். நினைவு தப்ப சுமார் 1 மணி நேரம் ஆகும். குளிரில் உடனே செத்துவிடுவோம் என்கிற பதற்றம்தான் பலரை முதல் நிமிடத்திலேயே முடித்துவிடுகிறது.

வந்த திசைக்குத் திரும்புங்கள், அங்கே பனி உங்களைத் தாங்கியது தெரிந்த விஷயம். கழுத்தில் தொங்குகிற பனி ஆணியை (கைப்பிடியில் ஆணி பொருத்திய ஜோடி) பனியில் குத்தி, காலை நீச்சலடிப்பது போல உதைத்து, வயிற்றால் ஏறுங்கள். ஏறியதும் எழுந்து நிற்கக் கூடாது. பாய் சுருட்டுகிற மாதிரி உருண்டு விலகுங்கள். ஆணி பைக்குள் இருந்தால் பயனில்லை, கழுத்தில் இருக்க வேண்டும். மிதக்கிற அங்கி வாங்க முடிந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் ஜாக்கெட்டுக்கு மேல் லைஃப் ஜாக்கெட். அழகாக இருக்காது, பரவாயில்லை.

ஆறு உறைந்திருந்தால் ஏரி மாதிரியே போகலாமா?

போகக் கூடாது. ஏரியில் 10 அங்குலம் என்றால் பக்கத்திலும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். ஆற்றில் ஒரு துளையில் 14 அங்குலம், 20 அடி தள்ளி 3 அங்குலம். ஓட்டம் பனியை அடியிலிருந்து அரித்துக்கொண்டே இருக்கிறது. வளைவின் வெளிப்பக்கம், பாலத்தூணைச் சுற்றி, ஓடை வந்து சேருமிடம், அணைக்குக் கீழே: இந்த நாலும் ஆகாத இடங்கள். அணையிலிருந்து விடும் நீரின் அளவைக் குறைத்தால் மட்டம் இறங்கி, பனி அந்தரத்தில் தொங்கும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

ரெட் ஆற்றில் லாக்போர்ட் அணைக்கும் செல்கர்க் ஊருக்கும் இடையில் டிசம்பரிலேயே பனி மேல் உட்கார்ந்து மீன் பிடிக்கிற குடிசைகள் முளைத்துவிடும். வின்னிபெக் ஏரியிலிருந்து ஏறி வருகிற 'கிரீன்பேக்' என்னும் பச்சை முதுகுப் பிக்கரலுக்குத்தான் அந்தக் கூட்டம். பிப்ரவரி வாக்கில் ஆம்பிபெக்ஸ் என்கிற ராட்சத வண்டியைக் கொண்டுவந்து ஆற்றின் கீழ்ப்பகுதியில் பனியை உடைப்பார்கள். வசந்தத்தில் பனி அடைத்துக்கொண்டு வெள்ளம் வராமல் இருப்பதற்காக. அதற்குள் குடிசையை எடுத்துவிட வேண்டும், கெடு தேதி ஒவ்வொரு வருஷமும் அறிவிப்பார்கள்.

ஆற்றுப் பனிக்கு முதல் தடவை தனியாகப் போகாதீர்கள். அந்த ஆற்றையே பத்து வருஷமாகப் பார்க்கிற ஒருவரின் பின்னால் நடங்கள்.

ஏரியில் துளையை எங்கே போடுவது?

தண்ணீர் 4 டிகிரியில்தான் மிகக் கனமாக இருக்கும். அதனால் குளிர்கால ஏரியில் மேலே 0, அடியில் 4. ஒதுங்க இடம் அடியில்தான். ஆனால் இரை ஆழமில்லாத மேட்டிலும் செடி ஓரத்திலும் இருக்கும். மேடு சரிந்து ஆழத்துக்குப் போகிறதே, அந்தச் சரிவின் விளிம்புதான் பிக்கரலின் வாசல்படி. பகலில் கீழே படுத்திருந்து சாயங்காலம் அந்தப் படி வழியாக ஏறி வரும்.

ஆகவே ஒரே துளை போட்டு உட்காராதீர்கள். 3 மணிக்கே போய், 8 அடி, 14 அடி, 20 அடி ஆழங்களில் சரிவை ஒட்டி வரிசையாக 6, 7 துளை போட்டு வையுங்கள். ஆகர் (பனியைத் துளைக்கும் கருவி) சத்தம் எல்லாம் அப்போதே முடிந்துவிட வேண்டும். கடி தொடங்கும் நேரத்தில் தலைக்கு மேல் யாராவது துளைபோட்டால் ஆழமில்லாத இடத்து மீன் அத்தனையும் காலி. பக்கத்துக் கூடாரத்துக்காரர் 5 மணிக்கு மோட்டாரைக் கிளப்பும்போது எனக்கு வருகிற ஆத்திரத்தை இங்கே எழுத முடியாது.

குவின்டேக்கு ஒரு தனிக் குறிப்பு. ட்ரென்டன், பெல்வில் பக்கத்து மேல்விரிகுடா ஆழம் குறைவு, முதலில் உறையும். கிழக்கே போகப்போக ஆழம் கூடும், பனி தாமதம். சில வருஷம் பிடிக்கவே பிடிக்காது. இலையுதிர் காலத்தில் ஒன்டாரியோ ஏரியிலிருந்து உள்ளே வருகிற பெரிய மீன்கள் அந்த ஆழப்பகுதியில் அடியில் ஒட்டாமல் நடுநீரில் மிதந்து நிற்கும். அங்கே தரையையே தட்டிக்கொண்டிருந்தால் மீன் உங்கள் இரைக்கு மேலே போய்க்கொண்டிருக்கும்.

என்னென்ன வாங்க வேண்டும்?

முதல் வருஷத்துக்கு: 6 அங்குலக் கை ஆகர், 28 அங்குல நீளத்தில் நடுத்தர விறைப்புள்ள ராடு ஒன்று, 6 அல்லது 8 பவுண்டு தாங்கும் தூண்டில் நரம்பு, துளையில் பனித்தூள் அள்ள ஒரு கண் அகப்பை, கடப்பாரை, பனி ஆணி, குந்த ஒரு வாளி. வாளியே மீன் கூடையும். பெரிய மீனுக்கு 8 அங்குலத் துளை வசதி, ஆனால் கையால் போட்டால் முதுகு போய்விடும். ஆகரின் அலகுக்கு உறை போட்டே வையுங்கள், காங்கிரீட்டில் ஒரு தரம் இடித்தால் அப்புறம் அது பனியைத் தடவும், வெட்டாது. பேட்டரி ஆகர் என்றால் பேட்டரியை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள், குளிரில் சீக்கிரம் இறங்கும்.

இரண்டாம் வருஷம் காசு இருந்தால் சோனார், அதாவது அடியில் நிற்கிற மீனைத் திரையில் காட்டும் ஒலிக்கருவி. மற்ற எதையும் விட அதுதான் பிடிப்பைக் கூட்டும்.

ஜிக்கை (மேலும் கீழும் ஆட்டுகிற கனமான தூண்டில்) எப்படி ஆட்டுவது? வீடியோவில் வேகமாக ஆட்டுகிறார்கள்.

வீடியோவில் பிடிக்காத 6 மணி நேரத்தை வெட்டிவிடுகிறார்கள்.

ஜிக்காக மாட்டியிருக்கிற ஸ்பூனை, அதாவது கரண்டி மாதிரியான உலோகப் போலி இரையை, அடிவரை விடுங்கள். இரண்டு மூன்று தரம் தரையில் மெல்லத் தட்டுங்கள். சேறு ஒரு புகை மாதிரி எழும்பும், அதுதான் அழைப்பு மணி. அப்புறம் அரையடி, ஓரடி மேலே கொண்டுவந்து நிறுத்துங்கள். இப்போது ஒரு சாண் தூக்கி, நரம்பைத் தொய்யவிட்டு, ஸ்பூன் தானாகப் பல்டி அடித்து இறங்கட்டும். பிறகு சும்மா இருங்கள். 5 எண்ணுங்கள், பிப்ரவரியில் 10, 15 கூட எண்ணலாம். ஆட்டம் மீனைக் கூப்பிடத்தான். கடிப்பது பெரும்பாலும் சும்மா இருக்கும்போது.

அந்தச் சும்மா இருப்பதுதான் கஷ்டம். விரல் மரத்துப்போயிருக்கும், ஆட்டினால் சூடாவது கிடைக்கும் என்று கை துடிக்கும். ராடை முழங்காலில் ஊன்றி நுனியை மட்டும் பாருங்கள். குளிர்காலக் கடி இழுக்காது. நுனி அரை அங்குலம் தாழும். அல்லது, இது இன்னும் முக்கியம், தாழ்ந்திருந்த நுனி லேசாக நிமிரும். கனம் போய்விட்ட மாதிரி தோன்றும். மீன் கீழிருந்து வந்து இரையை வாயில் ஏந்தி மேலே தூக்குகிறது என்று அர்த்தம். அந்தக் கணத்தில் கொத்தி இழுக்காமல், ராடை உறுதியாக உயர்த்தினால் போதும். முதல் இரண்டு வருஷம் நுனி நிமிர்ந்ததை எல்லாம் காற்று என்று நினைத்து விட்டிருக்கிறேன்.

இரண்டாவது தூண்டிலை ஆட்டவே வேண்டாம். வெறும் முள், ஒரு சின்ன ஈயக்குண்டு, முதுகில் குத்திய உயிர் மின்னோ (இரைக்கு வைக்கிற குட்டி மீன்), மேலே தக்கை. ஜிக் துளையிலிருந்து 5, 6 அடி தள்ளி, தரையிலிருந்து ஓரடி உயரத்தில். ஜிக் கூப்பிடும், பிக்கரல் வந்து பார்க்கும், பக்கத்தில் அப்பாவியாக நீந்துகிற மின்னோவை வாங்கும். மந்தமான நாட்களில் என் வாளிக்கு வருவதில் அதிகம் இந்த இரண்டாவது தூண்டிலில்தான்.

சோனாரில் மீன் வருகிறது, பார்க்கிறது, போய்விடுகிறது. என்ன செய்வது?

எல்லாருக்கும் நடப்பதுதான். திரையில் மீனின் கோடு கனத்துச் சிவப்பாகி ஜிக்குக்குக் கீழே ஒட்டி நிற்கும். நம் நெஞ்சு அடித்துக்கொள்ளும். கை தானாக வேகமாகும், மீன் போய்விடும்.

மீன் வந்ததும் ஆட்டத்தைப் பாதியாக்குங்கள். இரையை மெல்ல, கடிகார நிமிட முள் நகர்கிற மாதிரி, மேலே தூக்குங்கள். கூடவே ஏறி வந்தால் அது கடிக்கிற மீன். ஏறாமல் நின்றால் ஸ்பூனை விரல் நுனியால் சற்றே நடுங்க விடுங்கள். எக்காரணம் கொண்டும் மீனை நோக்கி இறக்காதீர்கள். தப்பி ஓட வேண்டிய இரை வேட்டைக்காரனின் தலையில் வந்து விழுந்தால் எந்த மீனும் சந்தேகப்படும்.

அப்படியும் மூன்று மீன் திரும்பிப் போனால் இரையைச் சின்னதாக்குங்கள். முழு மின்னோவுக்குப் பதில் தலையை மட்டும் கிள்ளிக் குத்துங்கள்.

பனி பிடிப்பதற்கு முன், அல்லது உருகிய பிறகு, ஓடுகிற ஆற்றில் எங்கே தேடுவது?

எனக்குப் பிடித்த காலம் இது. நவம்பர் மாதம், தண்ணீர் 3, 4 டிகிரி, படகுத்துறையில் ஆளே இல்லை.

ஓடும் ஆற்றில் மேலும் கீழும் தண்ணீர் கலந்துகொண்டே இருப்பதால் 'அடியில் 4 டிகிரி' என்கிற ஏரிச் சலுகை இல்லை. மேலே 1 என்றால் அடியிலும் ஏறக்குறைய 1. ஆகவே மீன் தேடுவது சூட்டை அல்ல, ஓய்வை. ஓட்டத்தை எதிர்த்து நிற்கச் செலவாகிற சக்தியை மிச்சப்படுத்தும் இடத்தில் ஒதுங்கும். நம் ஊர் ஆற்றில் மடு என்போமே, அந்த மாதிரி ஆழ்ந்த வளைவுகள். பாறைக்கும் பாலத்தூணுக்கும் பின்னால் இருக்கிற தேக்கம். அணைக்குக் கீழே பக்கவாட்டில் திரும்பிச் சுழலும் சுழி. அதிலும் சுழியின் நடுவில் இருக்காது. ஓட்டமும் தேக்கமும் உரசுகிற கோடு ஒன்று நீர்மட்டத்தில் தெரியும், நுரையும் இலையும் அந்தக் கோட்டில் வரிசை பிடித்துப் போகும். மூக்கை ஓட்டத்திலும் உடம்பைத் தேக்கத்திலும் வைத்து பிக்கரல் அதன் அடியில் நிற்கும், ஓட்டம் கொண்டுவருகிற இரையை ஓரடி நகர்ந்து எடுத்துக்கொள்ளும்.

அங்கே ஜிக்கை நேர்செங்குத்தாக இறக்க வேண்டும். படகு ஓட்டத்தோடு அதே வேகத்தில் போகட்டும், நரம்பு சாய்ந்தால் மோட்டாரால் சரிசெய்யுங்கள். 7 கிராமில் தொடங்கி, தரை தட்டுவது கைக்குத் தெரியவில்லை என்றால் 10, 14 என்று ஏற்றுங்கள். தேவைக்கு மேல் கனம் வேண்டாம், மெல்லிய கடி கைக்கு வராது. தரையைத் தொட்டு, நாலு விரல் உயர்த்தி, அப்படியே பிடித்திருங்கள். ஓட்டமே ஆட்டிக்கொடுக்கும். மின்னோவின் வாலை மட்டும் கடித்துவிட்டுப் போகிறது என்றால் ஜிக்கிலிருந்து ஒரு குட்டி மும்முள்ளைப் பின்னால் தொங்கவிடுங்கள்.

கரையிலிருந்து எறிகிறவர்கள் ஓட்டம் வருகிற திசைக்குச் சற்றே சாய்வாக எறிந்து, ஜிக் தரையில் தத்தித் தத்தி வரட்டும் என்று விட்டுவிடுவது நல்லது. சுருட்டுவது தொய்வை எடுக்க மட்டும்.

ஒன்டாரியோவுக்கும் மினசோட்டாவுக்கும் எல்லையாக ஓடுகிற ரெய்னி ஆற்றில் இந்தக் கதையை முழுசாகப் பார்க்கலாம். இலையுதிர் காலத்தில் லேக் ஆஃப் தி வுட்ஸ் ஏரியிலிருந்து எமரால்ட் ஷைனர் கூட்டம் ஆற்றில் ஏறும், பிக்கரல் அதன் பின்னாலேயே ஏறும். பனி உடைந்ததும் மறுபடி வரும், இந்தத் தடவை முட்டையிட. தண்ணீர் 6 முதல் 9 டிகிரியைத் தொடும்போது சரளைக்கல் தரையில் முட்டை போடும். மார்ச் வெயிலில் தண்ணீர் ஒரு டிகிரி ஏறினாலே கடி மாறும், அதனால் வசந்தத்தில் மட்டும் விடியற்காலைத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாமல் மத்தியானத்துக்குப் போகலாம்.

உயிர் இரைதான் வேண்டுமா?

ஆட்டாத தூண்டிலுக்கு உயிர் இரை நல்லது. ஜிக்குக்குத் தேவையில்லை. வின்னிபெக் ஏரியில் உப்பில் போட்டு உறையவைத்த ஷைனரால்தான் பெரும்பாலானோர் பிடிக்கிறார்கள். உயிர் மின்னோவை ஓர் ஏரியிலிருந்து இன்னோர் ஏரிக்குக் கொண்டுபோவதற்குக் கடுமையான விதிகள் உண்டு, ஒன்டாரியோவில் இரை மண்டலமே தனியாகப் பிரித்திருக்கிறார்கள். வாங்கிய ரசீதைச் சட்டைப் பையில் வையுங்கள். மிச்சத்தைத் துளைக்குள் கொட்டாதீர்கள்.

கூடாரத்துக்குள் ஹீட்டர் வைக்கலாமா?

வைக்கலாம், காற்று போகிற வழியை அடைக்காமல். ஒரு தடவை காற்று உறைக்கிறதே என்று கூடாரத்தின் கீழ்விளிம்பு முழுக்க வெண்பனியை அணைத்து, மேல் ஜன்னலையும் மூடிவிட்டு புரொபேன் ஹீட்டரைப் போட்டேன். முக்கால் மணி நேரத்தில் தலை கனத்தது. தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன். எதிரே இருந்த மச்சான் "எனக்கும் தலை வலிக்குது" என்றதும்தான் உறைத்தது, இரண்டு பேரும் வெளியே விழுந்தோம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. இப்போது பேட்டரியில் ஓடுகிற அலாரம் ஒன்று கூடாரக் கம்பியில் தொங்குகிறது, ஜன்னலும் ஒரு கை அகலம் திறந்தே இருக்கும்.

லைசென்ஸ், எண்ணிக்கை எல்லாம்?

ஒன்டாரியோவாசிகளில் 18 முதல் 64 வயதுவரை உள்ளவர்களுக்கு அவுட்டோர்ஸ் கார்டு என்கிற அட்டையும் லைசென்ஸும் வேண்டும். மாகாணத்தை 20 மீன்வள மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள். சீசன் தேதி, எத்தனை மீன், எத்தனை சென்டிமீட்டர் என்பது மண்டலத்துக்கு மண்டலம், சில சமயம் ஏரிக்கு ஏரி மாறும். போன வருஷம் பார்த்ததை நம்பாமல் அந்த வருஷத்து விதிச் சுருக்கத்தைப் பாருங்கள். பனி மேல் பெரும்பாலான இடங்களில் ஒருவருக்கு 2 தூண்டில், இரண்டும் கண்ணில் படுகிற தூரத்தில் இருக்க வேண்டும். மானிடோபாவில் முள்ளின் உள்பக்கத்து எதிர்க்கூரை நசுக்கிவிட வேண்டும்.

இந்த எண்ணிக்கைக் கெடுபிடியைப் பார்த்து முணுமுணுக்கிறவர்களுக்கு மினசோட்டாவின் ரெட் லேக்கைச் சொல்வேன். அளவில்லாமல் பிடித்துப் பிடித்து, 1990களில் அந்தப் பெரிய ஏரியில் பிக்கரல் அற்றுப்போகும் நிலை. 1999இல் பிடிப்பதையே நிறுத்தினார்கள். அங்கிருக்கும் பூர்வகுடி மக்களும் அரசும் சேர்ந்து குஞ்சு விட்டு, காத்திருந்து, 2006இல்தான் திரும்பத் திறந்தார்கள்.

பிடித்ததைத் திருப்பி விடலாமா?

ஆழமில்லாத இடத்தில் தாராளமாக. ஆனால் 30 அடிக்கு மேல் ஆழத்திலிருந்து தூக்கிய மீனை விட்டால் அது பிழைப்பது சந்தேகம். பிக்கரலின் காற்றுப்பை சட்டென்று காற்றை வெளியேற்ற முடியாத வகை. மேலே வர வர உப்பி, இரைப்பையை வாய்ப்பக்கம் தள்ளிவிடும். அதனால் ஆழத்தில் பிடிக்கப் போனால், வைத்துக்கொள்ளக்கூடிய எண்ணிக்கை கிடைத்ததும் கிளம்பிவிடுங்கள். "விளையாட்டுக்குப் பிடித்து விட்டுவிடுகிறேன்" என்பது அங்கே செல்லாது.

விடப்போகிற மீனை வெண்பனி மேல் போடாதீர்கள். மைனஸ் 15இல் செவுளும் கண்ணும் சில நொடியில் உறையத் தொடங்கும். படம் எடுக்க வேண்டுமென்றால் முதலில் கேமராவைத் தயார் செய்துவிட்டு, அப்புறம் மீனைத் துளையிலிருந்து எடுங்கள். 60 சென்டிமீட்டருக்கு மேல் இருப்பவை பெரும்பாலும் பெண் மீன்கள், நான் அவற்றை வைத்துக்கொள்வதில்லை.

பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா?

போகலாம், பெர்ச் பிடிக்க, பகலில், 2 மணி நேரத்துக்கு. மாற்று சாக்ஸ் இரண்டு ஜோடி. பிக்கரலுக்காக இருட்டில் உட்கார வைத்தால் அடுத்த வருஷம் வர மாட்டார்கள்.

நம் சமையலுக்கு ஆகுமா? மண் வாசனை அடிக்குமா?

குளிர்நீர் பிக்கரலில் மண் வாசனையே இருக்காது. சதை வெள்ளை வெளேர், மென்மை. அதுதான் குழம்புக்குச் சிக்கல். வஞ்சிரம் மாதிரி தாங்கும் என்று நினைத்துக் கொதிக்கவிட்டால் கரைந்து புளிக்கஞ்சி ஆகிவிடும். குழம்பு கூடி, எண்ணெய் பிரிந்து, அடுப்பை அணைக்க 4 நிமிடம் இருக்கும்போது துண்டுகளைப் போட்டு, கரண்டி விடாமல் சட்டியை மட்டும் ஒரு சுற்று சுற்றுங்கள். பொரிப்பதற்கு இதை மிஞ்ச இங்கே வேறு நன்னீர் மீன் கிடையாது: மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, கொஞ்சம் அரிசி மாவு, தோலோடு. பச்சையாகவோ அரைவேக்காட்டிலோ சாப்பிடாதீர்கள், நன்னீர் மீனில் நாடாப்புழு இருக்கலாம். பெரிய, வயதான மீனில் பாதரசம் அதிகம். எந்த ஏரியில் எத்தனை சென்டிமீட்டர் மீனை மாதம் எத்தனை தடவை சாப்பிடலாம் என்று ஒன்டாரியோ அரசே அட்டவணை போட்டிருக்கிறது, கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் தனியாக. 40, 45 சென்டிமீட்டர் மீன்தான் சட்டிக்கும் நல்லது.

ஏரியிலேயே சுத்தம் செய்து கொண்டுவருவதாக இருந்தால், அதிகாரி நிறுத்தினால் எண்ணவும் அளக்கவும் இனம் கண்டுபிடிக்கவும் முடிகிற மாதிரி வைத்திருக்க வேண்டும் என்பது விதி. நான் முழுசாகவே வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுகிறேன். அதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. தலையை வீசுகிறவர்கள், கண்ணுக்குக் கீழே கன்னத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு உருண்டையாக இருக்கிற சதையையும் சேர்த்து வீசிவிடுகிறார்கள். கத்தி நுனியால் ஒரு சுற்று, விரலால் ஓர் அழுத்து, தனியாக வந்துவிடும். மீனிலேயே ருசி அதுதான். வீட்டில் யாருக்கும் சொல்லாமல் முதல் எண்ணெயில் பொரித்து நானே சாப்பிட்டுவிடுவேன்.